பாயசத்துக்கு ஐந்து, ரசத்துக்கு மூன்றரை



இன்றைய பதிவு பீர் பற்றியது. எழுத்துப்பிழை இல்லை, பீர்தான். 34 வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு ரிட்டயர் ஆனபிறகு புத்தி இப்படிப் போய்விட்டதே என்று மாயவரத்து அத்தை வருத்தப்பட வேண்டாம். நான் குடிப்பவன் அல்ல. டாஸ்மாக் பற்றி நான் எழுதிய பதிவுகள் இதே பக்கத்தில் கீழே கிடக்கின்றன, அவற்றில் ஒரு வார்த்தையையும் நான் வாபஸ் வாங்கவில்லை. குடி நல்லதா கெட்டதா என்ற சண்டையை இங்கே யாரும் ஆரம்பிக்காதீர்கள். நான் பேசப்போவது மதிப்பெண் பற்றி. அதைப் பேச எனக்குத் தகுதி உண்டு. ஆயிரக்கணக்கான விடைத்தாள் திருத்திய கை இது.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க ஒரு பழைய மாணவன் வந்தான். 1996-ல் பத்தாம் வகுப்பு பி பிரிவு. அந்த செட் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரிந்துவிடும், அதனால் பெயர் போடவில்லை. ஊரில் வேதியியல் படித்து, இங்கே வந்து மேலே படித்து, பென்சில்வேனியாவில் ஒரு சிறிய பீர் தயாரிப்பு நிலையத்தில் காய்ச்சும் வேலைக்குப் பொறுப்பாளனாக இருக்கிறான். கிராஃப்ட் பீர் என்று இங்கே சொல்வார்கள். பெரிய கம்பெனிகள் ஆலையில் கோடிக்கணக்கான பாட்டில் நிரப்புவதுபோல இல்லாமல், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சின்னச் சின்னத் தொட்டிகளில் காய்ச்சி அக்கம்பக்கத்து ஊர்களில் விற்பது. மூன்று மணிநேரம் காரோட்டி வந்திருந்தான். எனக்கு வாழைப்பழ சிப்ஸ், மாப்பிள்ளைக்கு ஒரு பெட்டி பீர்.

பெட்டியைக் கொடுக்கும்போது மாப்பிள்ளையிடம் சொன்னான்: "இதுதாங்க கடைசி. பில்ஸ்னர். இனிமே இதைப் போடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்."

ஏன்டா, கெட்டுப்போகிறதா, நஷ்டமா என்று கேட்டேன்.

"மார்க் வரல சார்" என்றான்.

பீருக்கு மார்க்கா என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினான். அவன் காட்டிய ஆப்பின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, அவன் பிழைப்பு அதில் இருக்கிறது. குடிப்பவர்கள் குடித்த கையோடு ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். அவன் பில்ஸ்னருக்கு மூன்றரையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவர்களே போடும் இன்னொரு சரக்கு, வெனிலா, தேங்காய், கோகோ எல்லாம் கொட்டிய கறுப்பு ஸ்டவுட், நான்கைத் தாண்டியிருந்தது. வழக்கமாக வாங்கும் பார்க்காரர் போனைத் தூக்கிக் காட்டி, "மூணே முக்காலுக்குக் கீழ இருக்கிறதை எவனும் ஆர்டர் பண்ண மாட்டேங்கிறான், குழாயை வேற சரக்குக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அடுத்த நாலு நாளும் மாப்பிள்ளையையும் அவனையும் கேள்வி கேட்டே கொன்றேன். அதில் தேறியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணப் பந்தி. இலையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க் போடு என்று எல்லார் கையிலும் ஒரு சீட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? பாயசத்துக்கு ஐந்து விழும். உருளைக்கிழங்கு வறுவலுக்கு நாலரை. ரசத்துக்கு எவ்வளவு போடுவீர்கள்? அருமையான ரசமாகவே இருக்கட்டும். "ரசம்தானே" என்று மூன்றரை போடுவீர்கள். மோருக்கு மூன்று. அடுத்த கல்யாணத்துக்குச் சமையல்காரர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மெனு போட்டால் இலையில் ஏழு பாயசம் இருக்கும், ரசம் இருக்காது. ரசம் கெட்டுப்போய் அது வெளியே போகவில்லை. ரசத்தையும் பாயசத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினோம், அவ்வளவுதான்.

பீரில் நடப்பது அச்சு அசல் இதேதான். இந்த மார்க் ஆப்களின் தரவரிசையை எடுத்துப் பாருங்கள். உச்சியில் இருப்பதெல்லாம் பத்துப் பன்னிரண்டு சதவீத ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட், மரப்பீப்பாயில் ஊறப்போட்டது, இல்லாவிட்டால் பழச்சாறுபோல் கலங்கலான டபுள் ஐபிஏ. நாலரை சதவீதத்தில் பளிங்குபோல் இருக்கும் பில்ஸ்னரை அந்தப் பட்டியலில் தேடிக் களைத்துப்போவீர்கள். இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் வேலை முடிந்து குடித்த மைல்ட் என்ற லேசான பீருக்கும் அதே கதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மார்க் போடுகிறவர்கள் பலர் முழு கிளாஸ் குடிப்பதுகூட இல்லை. கையகலப் பலகையில் நாலு சின்ன கிளாஸ் வைத்துக் கொடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து வாய்தான் இருக்கும். அந்த அளவில் எது ஜெயிக்கும்? தித்திப்பும் காட்டமும்தான் ஜெயிக்கும். அதே ஸ்டவுட்டை அரை லிட்டர் குடிக்கச் சொன்னால் பாதியிலேயே திகட்டிவிடும் என்கிறான் என் மாணவன். பில்ஸ்னரின் குணம் இரண்டாவது கிளாஸில்தான் தெரியுமாம். இரண்டாவது கிளாஸுக்கு அந்த ஆப்பில் இடம் கிடையாது.

பில்ஸ்னர் காய்ச்சுவது பற்றி அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உள்ளபடியே வியப்பாக இருந்தது. மற்ற ரக பீர் இரண்டு மூன்று வாரத்தில் தயாராகிவிடும். இது லாகர் வகை. பத்து டிகிரி குளிரில் மெதுவாக நொதிக்க வேண்டும். அதற்குப் பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் நாலு வாரம், ஆறு வாரம் சும்மா கிடக்க வேண்டும். அத்தனை நாளும் ஒரு தொட்டி அடைபட்டுக் கிடக்கும். சின்னக் கம்பெனிக்குத் தொட்டிதான் காசு. இவ்வளவு செய்தும் மறைத்துக்கொள்ள ஒரு மூலை கிடையாது. நொதிப்பதில் சின்னத் தப்பு நடந்தாலும் வெண்ணெய் வாடை வந்து காட்டிக்கொடுத்துவிடும். வெனிலாவும் தேங்காயும் போட்டதில் அந்த வாடை யாருக்குத் தெரியப்போகிறது? ஆகக்கூடி, அதிக நாள், அதிகக் கவனம், குறைந்த மார்க். எந்த முதலாளி எத்தனை நாள் இதைச் சகிப்பான்?

கணக்கு வாத்தியார் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பழைய மாணவர்கள் பொறுத்துக்கொள்ளவும், கடைசி பெஞ்ச் தூங்கிக்கொள்ளலாம்.

இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்கும் ஆப் அன்டாப்ட். 2010-ல் ஆரம்பித்தது. அதில் கால் கால் புள்ளியாக ஐந்துவரை போடலாம். மூன்று, மூன்றேகால், மூன்றரை, இப்படி.  ஆனால் சராசரி வரும்போது தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டுகிறார்கள். ஒரு பீர் 3.71, இன்னொன்று 3.78 என்று வையுங்கள். இந்த 0.07-க்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஒருத்தர் வெயிலில் கிடந்த பழைய கேனைக் குடித்திருப்பார். ஒருத்தர் நாலாவது கிளாஸில் இருந்திருப்பார். ஒருத்தருக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை. இன்னொருத்தர் அதிகாலை நாலு மணிக்கு வரிசையில் நின்று வாங்கியிருப்பார், அவ்வளவு கஷ்டப்பட்டதற்கு மூன்று போட அவருக்கு மனசு வருமா? யார் மார்க் போட்டார்கள், எதோடு ஒப்பிட்டுப் போட்டார்கள் என்று தெரியாத சராசரி அது. ஆனால் பார்க்காரர் குழாயைப் பிடுங்குவது அந்த 0.07-ஐப் பார்த்துத்தான்.

இதை நாம் எப்படிச் செய்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் முகாமுக்குப் போனால் முதல் வேலை விடைக்குறிப்பைப் படிப்பது. எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று அதில் இருக்கும். பையன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, டம்மி நம்பர்தான். கணக்குத் தாளை வரலாற்றுத் தாளோடு ஒப்பிட்டு "இது அவ்வளவு சுவாரசியமாக இல்லை" என்று யாரும் மார்க்கைக் குறைக்க மாட்டார்கள். பீருக்கும் இப்படி ஒரு முறை இருக்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி. 1985-லிருந்து அமெரிக்காவில் பீர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு, பிஜேசிபி என்பார்கள். அவர்கள் தாள் 50 மார்க்குக்கு: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் படும் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். யார் காய்ச்சியது என்று நடுவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மைல்டை மைல்டாகத்தான் பார்க்க வேண்டும், பில்ஸ்னரை பில்ஸ்னராக. ரசத்தை ரசமாக! இப்படி நடக்கும் போட்டிகளில் நல்ல பில்ஸ்னர் தங்கம் வாங்குகிறது. அதே பில்ஸ்னர் ஆப்பில் மூன்றரையோடு நிற்கிறது.

இந்த இடத்தில் மாப்பிள்ளை குறுக்கிட்டார். அவர் நல்ல மனுஷர், அந்த ஆப்பில் அறுநூறு பீருக்கு மேல் பதிந்து வைத்திருக்கிறார், அதனால் கொஞ்சம் ரோஷம். "மாமா, விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னக் கம்பெனி எப்படித்தான் வெளிய தெரியும்? இந்த மார்க்தானே அவங்களைத் தூக்கி விட்டுது?" என்றார்.

நியாயமான கேள்வி, அதை மழுப்பக் கூடாது. 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்கச் சேர்த்தே நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். கிராமத்துக் கொட்டகையில் காய்ச்சியவனை உலகம் தேடிப்போனதில் இணையத்துக்குப் பங்கு உண்டு. பியர்அட்வகேட் 1996-லும் ரேட்பியர் 2000-த்திலும் வந்தன. ஆர்வமுள்ளவர்கள் பத்தி பத்தியாக எழுதினார்கள். ரேட்பியரில் மணம், சுவை, தோற்றம் என்று தனித்தனியாக மார்க் போட வேண்டியிருந்தது, கூடவே குறிப்பும் எழுத வேண்டியிருந்தது. அவர்களை நான் மதிக்கிறேன். பரிசோதனை நோட்டுபோல எழுதியவர்கள் அவர்கள்.

ஆனால் தூக்கி விட்டதாகச் சொல்கிறாரே, அவர்கள் கதையையும் பாருங்கள்.

பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்ற ஊரில் கத்தோலிக்கத் துறவிகளின் மடம். மடத்துச் செலவுக்காகப் பீர் காய்ச்சுகிறார்கள், பாட்டிலில் நெடுங்காலம் லேபிள்கூட ஒட்டாமல் இருந்தார்கள், மூடிதான் அடையாளமாக இருந்தது. 2005-ல் அவர்களின் 12 என்ற பீரை உலகத்திலேயே சிறந்தது என்று ரேட்பியர் அறிவித்தது, பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. மடத்து வாசலில் கார் வரிசை கட்டியது, சரக்கு தீர்ந்துபோனது. துறவிகள் என்ன செய்தார்கள்? தேவை ஏறியதே என்று உற்பத்தியை ஏற்றவில்லை. வாழ்வதற்குக் காய்ச்சுகிறோம், அது போதும் என்று இருந்துவிட்டார்கள். ஆனால் வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, பல மடங்கு விலைக்குக் கைமாற்றினார்கள். போன் செய்து பதிந்து, கார் நம்பர் சொல்லி வாங்கும் முறை, அப்புறம் ஆன்லைன் பதிவு என்று, ஜெபம் செய்ய வேண்டிய ஆட்கள் கள்ளச்சந்தைக்குப் பூட்டுப் போடுவதில் நேரத்தைச் செலவழித்தார்கள்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் தி ஆல்கெமிஸ்ட் என்று கணவனும் மனைவியும் நடத்தும் இடம். அவர்களின் ஹெடி டாப்பர் பியர்அட்வகேட் பட்டியலில் உச்சியில் உட்கார்ந்தது. 2011-ல் ஐரீன் புயல் வெள்ளத்தில் அவர்கள் கடை போய்விட்டது, கேனில் அடைக்கும் புது ஆலைதான் காப்பாற்றியது. அந்த அளவில் மார்க் அவர்களுக்குக் கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் 2013-ல் ஆலையிலிருந்த சில்லறைக் கடையை அவர்களே மூட வேண்டி வந்தது. வாங்க வந்த கார்கள் தெருவை அடைத்து அக்கம்பக்கத்தார் பொறுக்க முடியாமல் போனதுதான் காரணம். இவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் திறமைசாலிகள், பிடிவாதக்காரர்கள். எனக்குக் கவலை இவர்களைப் பார்த்துக் காப்பியடித்த ஆயிரம் பேரைப் பற்றி. சென்டம் வாங்கிய பையனின் கைடை எல்லாரும் வாங்கினார்கள். ஊருக்கு ஊர் அதே கலங்கல் ஐபிஏ.

காப்பியடித்தாலும் போதவில்லை, வாராவாரம் புதுசு வேண்டும். புது பீர் ஒன்றைப் பதிந்தால் ஆப் பேட்ஜ் கொடுக்கிறது. ஏற்கெனவே குடித்ததை மறுபடி குடிப்பதில் என்ன லாபம்? மாப்பிள்ளையின் அறுநூறில் அவர் இரண்டாம் முறை தேடிப்போய்க் குடித்தவை எத்தனை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பத்துப் பன்னெண்டு இருக்கும் மாமா" என்றார். ஒரே சரக்கை இருபது வருஷம் ஒரே தரத்தில் கொடுப்பதுதான் எந்தத் தொழிலிலும் கஷ்டமான காரியம். நம் ஊர் காப்பிக்கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். அந்தக் கஷ்டத்துக்கு இங்கே மார்க் கிடையாது.

சான்பிரான்சிஸ்கோவில் 1896-லிருந்து இருந்த ஆங்கர் ஆலை 2023-ல் மூடப்பட்டபோது, இந்த ஆப்கள்தான் கொன்றன என்று சிலர் எழுதியிருக்கிறார்களாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கைமாறியது, கொரோனா வந்தது, குடிப்பவர்களே குறைந்தார்கள், காரணம் பல. 2024-ல் அமெரிக்காவில் திறந்த கிராஃப்ட் ஆலைகளைவிட மூடியவை அதிகம் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. இறங்குமுகத்தில் இருக்கும் தொழிலில் ஒரு தவறான அளவுகோல் செய்யும் கேடு, ஏறுமுகத்தில் செய்வதைவிட அதிகம் என்பது மட்டும்தான் என் வாதம்.

இனி யார் அளவுகோலை வைத்திருக்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். படித்ததிலேயே எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனி ஏபி இன்பெவ். பட்வைசர் அவர்களுடையது. சின்ன ஆலைகளுக்கு நேர் எதிரி. அவர்களின் முதலீட்டுப் பிரிவு 2016 அக்டோபரில் ரேட்பியரில் ஒரு பங்கை வாங்கியது. யாருக்கும் சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்தது 2017 ஜூனில். எட்டு மாதம் அத்தனை ஆயிரம் பேர், எதிரியின் பணம் உள்ள இடம் என்று தெரியாமல் இலவசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். டாக்ஃபிஷ் ஹெட் ஆலையை நிறுவிய சாம் கலாஜியோனி, எங்கள் பீர்களை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். 2019-ல் ரேட்பியர் முழுவதும் ஏபி இன்பெவ் கைக்குப் போனது. 2025 பிப்ரவரியில் தளத்தையே மூடிவிட்டார்கள்.

25 வருஷம்! எத்தனை பேர் ராத்திரி உட்கார்ந்து மணம் இப்படி, சுவை இப்படி என்று எழுதியிருப்பார்கள். காசுக்காக எழுதவில்லை. பரிசோதனை நோட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டுபோய், அப்புறம் ஒருநாள் லேபைப் பூட்டிவிட்டால் எப்படி இருக்கும்? பரீட்சை எழுதுபவர்களில் ஒருவனே கேள்வித்தாள் அச்சகத்தை வாங்கியதை எந்த ஊரிலாவது ஏற்றுக்கொள்வார்களா? மிச்சமிருக்கும் அன்டாப்டும் பியர்அட்வகேட்டும் இன்று ஒரே கம்பெனியின் கையில். குடிப்பவர்களுக்கு ஆப் இலவசம். பார்களுக்கும் ஆலைகளுக்கும் மெனு, தகவல் என்று சேவை விற்கிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் மார்க் போடுகிறவர்கள் நீங்கள், அந்த மார்க்கை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அப்படியானால் விமர்சனமே கூடாதா என்று கேட்பீர்கள். நன்றாகக் கூடும். பில்ஸ்னர் பிறந்த கதையே அதுதான். இன்றைய செக் நாட்டில் பில்சன் என்ற ஊர். அங்கே பீர் மகா மட்டமாக இருந்ததால் 1838-ல் ஊர்க்காரர்கள் 36 பீப்பாய் பீரை நகர மண்டபத்துக்கு முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள் என்பது அந்த ஊர் வரலாறு. அதற்குப் பிறகு ஊரே சேர்ந்து புது ஆலை கட்டியது, பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வரவழைத்தது. 1842-ல் பொன்னிறத்தில் அந்த பீர் வந்தது. ஊர்க்காரர்கள் கொட்டினார்கள், நாளைக்கும் அதே ஊரில் அதே பீரைக் குடிக்கப்போகிறவர்கள் அவர்கள். ஒரு சின்ன கிளாஸைப் பாதி குடித்து, 2.75 என்று தட்டிவிட்டு அடுத்த மாநிலத்துக்குக் கார் ஏறுகிறவனின் விமர்சனத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

பீரைப் பற்றி எழுதுவது என்ற ஒன்றையே ஒரு துறையாக்கியவர் மைக்கேல் ஜாக்சன். நிலவில் நடப்பதுபோல் ஆடுவாரே, அவர் இல்லை. இவர் தாடி வைத்த இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர், 2007-ல் காலமானார். 1977-ல் உலக பீர்கள் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் எந்த ஊரில் என்ன ரகம், ஏன் அப்படி, எந்தத் தண்ணீர், எந்தப் பழக்கம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு மரியாதை தேடிக்கொடுத்தது. அவரும் பிறகு கையடக்கப் புத்தகத்தில் நட்சத்திரம் போட்டவர்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வார்த்தை முன்னால் வந்தது, நட்சத்திரம் பின்னால் வந்தது.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று மகள் கேட்டாள். அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு யோக்கியமாக இருக்காது.

அன்றைக்கு அவன் புறப்படும்போது காப்பி குடித்துக்கொண்டே சிரித்தபடி சொன்னான்: "எனக்குப் பழக்கம்தான் சார் இது. நீங்க மாசாமாசம் கிளாஸ் பின்சுவத்துல ரேங்க் லிஸ்ட் ஒட்டுவீங்களே. நான் கீழேருந்து தேடுவேன் சார், சீக்கிரம் கிடைச்சிடும்."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 52 பேரில் 41, 43 என்று இருப்பான். பாதித் தாள்தான் எழுதியிருப்பான், நேரம் போதாது அவனுக்கு. எழுதிய பாதியில் ஒரு பிழை இருக்காது. வடிவியல் வரைபடம் வரைந்தால் அச்சடித்ததுபோல் இருக்கும், பக்கத்து வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். ஆனால் அவனிடம் அதைச் சொன்னேனா? ஞாபகம் இல்லை. சுவரில் எண்ணை மட்டும் ஒட்டினேன். பிள்ளைகளுக்குப் போட்டி உணர்வு வரட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் ஒட்டினேன். அந்த ஆப்களைச் செய்தவர்களும் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். 2017-ல் நம் அரசாங்கம் பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியபோது, ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். போட்டி இல்லாவிட்டால் தரம் போய்விடும் என்று அடித்துப் பேசினேன். அந்தப் பேச்சை இப்போது திரும்பப் பெறுகிறேன். கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

1996 பி பிரிவில் அந்த லிஸ்டைக் கீழேயிருந்து தேடியவர்கள் இன்னும் பலர் இங்கே நண்பர்களாக இருக்கிறீர்கள். உங்கள் எல்லாரிடமும் தனித்தனியாகப் பேச ஆசை. ஊர் திரும்பியதும் கூப்பிடுகிறேன்.

அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அங்கே என்ன குடிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன். அந்த ஆப்பைத் திறந்தால் எண்ணை விட்டுவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். என்ன ரகம் என்று முதலில் படியுங்கள். பிடித்திருந்தால் அடுத்த வாரமும் போய் அதையே கேளுங்கள், கவுண்டரில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கெட்டுப்போனதைக் கொடுத்தால் கொடுத்தவரிடமே அந்த இடத்தில் சொல்லுங்கள். உணவுக்கடை, டாக்ஸி டிரைவர், கொரியர் கொண்டுவரும் பையன் எல்லாருக்கும் இதே பழக்கம் நல்லது, ஆனால் அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும்.

பி.கு.: அந்தப் பில்ஸ்னரில் நாலு கேன் மாப்பிள்ளை ஃப்ரிட்ஜில் இருந்தது. நேற்று சாயங்காலம் இரண்டு வாய் குடித்துப் பார்த்தேன். மாயவரத்து அத்தைக்கு இந்தப் பத்தி மட்டும் தெரிய வேண்டாம். முதலில் ரொட்டி சுடுகிற வாசனை. அப்புறம் ஒரு கசப்பு, பாகற்காய்க் கசப்பு இல்லை. சித்திரை முதல் நாள் வேப்பம்பூ ரசம் குடித்தபிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு நிமிஷம் நிற்குமே, அந்த மாதிரி. பிறகு சுத்தமாகப் போய்விட்டது, வாயில் ஒன்றும் மிச்சமில்லை. அவனுக்குப் போன் செய்து இதே வார்த்தையில் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் மார்க் போடப் போனை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.